ஒரே ஊசி, இரண்டு பிள்ளைகள்: அமெரிக்க மாநிலங்களின் திருநர் மருத்துவத் தடைச் சட்டங்கள் பற்றி

2025 யூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஐக்கிய அமெரிக்கா எதிர் ஸ்க்ரமெட்டி' வழக்கில் தீர்ப்புச் சொன்ன கிழமை, எங்கட வாசிப்பு வட்டத்தில் நாங்கள் வேறொரு புத்தகத்தைப் பற்றித்தான் கதைக்க இருந்தோம். அது நடக்கவில்லை. ஒரு தோழி தொலைபேசியில் செய்தியைக் காட்டினார். இன்னொருவர் "பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்னப்பா தெரியும், சட்டம் சரிதானே" என்றார். அதோட இரண்டு மணித்தியாலம் போனது. கோபப்பட்டவர்களும் இருந்தார்கள், பேசாமல் எழும்பிப் போனவரும் ஒருவர் இருந்தார். கதைச்சு முடியத்தான் ஒன்று விளங்கியது. எங்கள் எல்லோரிடமும் கருத்து இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் என்ன சொல்லுது, அது எப்ப தொடங்கினது, அது தடுக்கிற மருந்து என்ன செய்யும் எண்டு கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. எழும்பிப் போனவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அதற்குப் பிறகு தேடி வாசித்ததில் இருந்துதான் இந்தக் கட்டுரை.

மருந்தில் இருந்து தொடங்குவது நல்லது. பருவமடைதல் மூளையில் தொடங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருந்து வரும் ஒரு சைகையை வாங்கித்தான் பிட்யூட்டரிச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கும். அதன் பிறகு ஈஸ்ட்ரஜனும் டெஸ்டோஸ்டிரோனும் உடலை மாற்றும். இந்தச் சைகையை மழுங்கடிக்கிற மருந்து 1980களில் இருந்து சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. ஆறு ஏழு வயதிலேயே மார்பு வளரத் தொடங்கிவிடுகிற, மாதவிடாய் வந்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஊசியாகவோ தோலுக்கடியில் வைக்கும் சிறு குச்சியாகவோ கொடுக்கப்படும். நிற்பாட்டினால் பருவமடைதல் விட்ட இடத்தில் இருந்து தொடரும். பருவத்தைப் பிற்போடுகிற இதே மருந்துதான் திருநர் பதின்மவயதினருக்கும் கொடுக்கப்பட்டது. அதற்கு அடுத்த படி ஹோர்மோன். அது குரலை மாற்றும், மார்பை வளர்க்கும், அதில் சிலதைத் திருப்ப முடியாது. சத்திரசிகிச்சை மூன்றாவது. 18 வயதுக்கு முன் அது அரிது, நடந்தாலும் பெரும்பாலும் மார்புச் சத்திரசிகிச்சைதான். மாநிலச் சட்டங்கள் இந்த மூன்றையும் ஒரே கூடையில் போட்டன.

எங்கட ஊரில் பருவமடைதல் பிள்ளையின் தனிப்பட்ட விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, காட் அடிச்சு, வீடியோக்காரனைக் கூப்பிட்டு, வெளிநாட்டு மாமாக்களை வரவழைச்சுத்தான் அதைச் செய்வோம். "உனக்கு விருப்பமா" எண்டு பிள்ளையைக் கேட்ட வீடு எத்தனை? ஆகவே பிள்ளையின் சம்மதம் பற்றி அமெரிக்கர்கள் அடிபடுவதை நாங்கள் மேலிருந்து பார்க்க முடியாது.

இந்த மருத்துவத்தின் வரலாறு பேர்லினில் தொடங்குகிறது. மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919 இல் அங்கே பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். ஆரம்பகாலப் பால்மாற்றுச் சத்திரசிகிச்சைகள் அந்த வட்டத்தில்தான் நடந்தன. 1933 மே மாதம் நாஜி மாணவர்கள் அதன் நூலகத்தைச் சூறையாடினார்கள். நாஜிகள் புத்தகம் எரிக்கும் அந்தப் பிரபலமான படங்களை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எரிந்தவற்றில் அந்த நூலகமும் ஒன்று என்பதைப் பாடப்புத்தகம் சொல்லித்தரவில்லை. 1952 டிசம்பரில் முன்னாள் அமெரிக்கப் படைவீரரான கிறிஸ்டின் ஜோர்கென்சன் கொப்பன்ஹேகனில் சிகிச்சை பெற்ற செய்தி நியூயோர்க் பத்திரிகையின் முன்பக்கத்துக்கு வந்தது. 1966 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலை வளர்ந்தவர்களுக்கான பால்நிலை மருத்துவமனையைத் திறந்தது, 1979 இல் மூடியது.

அதே ஹொப்கின்ஸில் நடந்த இன்னொரு கதையிடம் நாங்கள் அதிக நேரம் நின்றோம். கனடாவின் வினிபெக் நகரில் 1965 இல் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு, சுன்னத்துச் செய்யும்போது நடந்த தவறில் ஆணுறுப்பு எரிந்துபோனது. பெற்றோர் என்ன செய்வதென்று தெரியாமல் ஹொப்கின்ஸில் இருந்த உளவியலாளர் ஜோன் மணியிடம் போனார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்ற உணர்வு வளர்ப்பில்தான் உருவாகுது, இவரைப் பெண்ணாக வளர்க்கலாம் என்பது மணியின் ஆலோசனை. இரண்டு வயதாக முன்னமே சத்திரசிகிச்சை செய்து, பெயரை மாற்றி, பிறகு ஈஸ்ட்ரஜன் கொடுத்து வளர்த்தார்கள். பிள்ளைக்கு உண்மை சொல்லப்படவில்லை. மணி இதை வெற்றி என்று 1970களில் உலகுக்கு எழுதினார். பிள்ளையோ ஒருநாளும் பெண்ணாக உணரவில்லை. பதினாலு வயதில் தகப்பன் உண்மையைச் சொன்னபோது, உடனேயே ஆணாக வாழத் தொடங்கி டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டார். மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் 1997 இல் எழுதிய கட்டுரைதான் மணியின் 'வெற்றி'யை உடைத்தது. டேவிட் ரைமர் 2004 இல், 38 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இந்தக் கதையை இன்று இரண்டு பக்கமும் எடுக்கிறது. தடையை ஆதரிப்பவர்கள், "பாருங்கோ, பால்நிலை மருத்துவம் பிள்ளையை என்ன செய்தது" என்கிறார்கள். திருநர்கள், "வெளியில் இருந்து ஒருவருக்குப் பால்நிலையைத் திணிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேணும்" என்கிறார்கள். நாங்கள் இரண்டாவது வாசிப்போடு நிற்கிறோம். டேவிட்டைக் கேட்காமல், டேவிட்டுக்குச் சொல்லாமல் பெரியவர்கள் எல்லாம் முடிவெடுத்தார்கள். அவர் பதினாலு வயதில் தான் யாரென்று சொன்னது சரியாக இருந்தது. "பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்னப்பா தெரியும்" என்ற கேள்வியை இந்த இடத்தில் நினைத்துப் பார்த்தோம். ஒரு ஆள் எல்லோருக்கும் சான்றாக முடியாது, அது வேற கதை.

மணியின் கோட்பாடு அதோடு நிற்கவில்லை. ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்கு, ஒன்றரை இரண்டு வயதுக்குள் வெட்டித் தைத்து 'சரிப்படுத்தி'விட வேண்டும் என்பது பல தசாப்தங்களாக அமெரிக்க வைத்தியசாலைகளின் வழமையாக இருந்தது. அப்படி வெட்டப்பட்டு வளர்ந்தவர்கள் 1993 இல் அமைப்பாகச் சேர்ந்தார்கள். 1996 ஒக்ரோபரில் பொஸ்ரனில் குழந்தை வைத்தியர்களின் மாநாட்டுக்கு வெளியே போராட்டம் நடத்தினார்கள். இந்தக் குழந்தைகளை ஞாபகத்தில் வைத்திருங்கோ, திரும்பவும் வருவார்கள்.

*

பதின்மவயதினருக்கான இன்றைய மருத்துவ முறை நெதர்லாந்தில் உருவானது. பெக்கி கோஹென்-கெட்டெனிஸ் என்ற உளவியலாளர் 1987 இல் உட்ரெக்டில் சிறுவர்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார், பிறகு அது அம்ஸ்டர்டாமுக்குப் போனது. பருவமடைதல் நடக்க நடக்க அந்தப் பிள்ளைகள் இடிந்துபோவதை அங்கே கண்டார்கள். குரல் உடைந்த பிறகு, மார்பு வளர்ந்த பிறகு, வளர்ந்தவராகிச் செய்யும் சிகிச்சை அரைவாசிதான் பலன் தரும். 12 வயதளவில் பருவத்தைப் பிற்போடும் மருந்து, 16 இல் ஹோர்மோன், 18 இல் சத்திரசிகிச்சை என்ற ஒழுங்கு அப்படித்தான் வந்தது. 'டச்சு நெறிமுறை' என்று அதைச் சொல்வார்கள். நீண்டகால உளவியல் மதிப்பீடு அதன் முக்கியமான பகுதி. 2007 இல் பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலை அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தது. 2009 இல் அகச்சுரப்பியியல் சங்கம் வழிகாட்டி வெளியிட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் மருத்துவமனைகள் வேகமாகப் பெருகின. எல்லா இடத்திலும் டச்சுக்காரர்கள் செய்த அளவு மதிப்பீடு நடக்கவில்லை என்ற விமர்சனம் மருத்துவத்துக்குள் இருந்தே வந்தது. அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

ஆனால் சட்டங்கள் அந்த மருத்துவ விவாதத்தில் இருந்து பிறக்கவில்லை.

2015 யூனில் ஒருபால் திருமணம் நாடு முழுக்கச் சட்டபூர்வமானது. அதை எதிர்த்துத் தோற்ற பழமைவாத அமைப்புகளுக்கு அடுத்த களம் தேவைப்பட்டது. முதலில் கழிப்பறை. 2016 மார்ச்சில் வட கரோலினா, பொதுக் கட்டடங்களில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பாலின் படியே கழிப்பறை பாவிக்க வேணும் என்று சட்டம் போட்டது. கம்பனிகள் முதலீட்டை நிறுத்தின. கூடைப்பந்துச் சங்கம் நட்சத்திரப் போட்டியை சார்லட் நகரில் இருந்து நியூ ஓர்லியன்சுக்கு மாற்றியது. ஆளுநர் பட் மக்ரோரி அந்த வருடத் தேர்தலில் தோற்றார். அடுத்த ஆண்டு சட்டத்தின் பெரும்பகுதி திரும்பப் பெறப்பட்டது. பிறகு விளையாட்டு. 2020 மார்ச்சில் ஐடாஹோ, திருநர் பெண்கள் பெண்கள் அணியில் விளையாடுவதைத் தடுத்தது. அது வேலை செய்தது. வளர்ந்தவர்களைப் பற்றிய சட்டத்துக்கு வராத ஆதரவு, 'பிள்ளைகள்' என்ற சொல் சேர்ந்ததும் வந்தது.

மருத்துவத் தடைக்கான பெரிய முயற்சி 2020 தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவில் நடந்தது. சிகிச்சை கொடுக்கும் வைத்தியரைக் குற்றவாளியாக்கும் மசோதா கீழவையில் நிறைவேறி, மேலவையின் குழுவில் செத்துப்போனது. அடுத்த வருடம் ஆர்கன்சா. இந்த இடத்தில் வரலாறு கொஞ்சம் விசித்திரமானது. ஆளுநர் ஏசா ஹட்சின்சன் பழுத்த குடியரசுக் கட்சிக்காரர். அதே வசந்தகாலத்தில் திருநர்களுக்கு எதிரான வேறு இரண்டு சட்டங்களில் கையெழுத்துப் போட்டவர். ஆனால் இந்த மசோதா வந்தபோது, 2021 ஏப்ரல் 5 அன்று வீட்டோ செய்தார். பெற்றோரும் வைத்தியரும் பிள்ளையும் சேர்ந்து எடுக்கிற முடிவுக்குள் அரசாங்கம் இவ்வளவு தூரம் நுழையக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஏற்கனவே சிகிச்சையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் மருந்தை நிற்பாட்டச் சொல்லுது என்பதும் அவரை உறுத்தியது. ஆர்கன்சாவில் வீட்டோவை முறியடிக்கச் சாதாரண பெரும்பான்மை போதும். அடுத்த நாளே முறியடித்தார்கள். நாட்டின் முதலாவது முழுத்தடை அப்படித்தான் சட்டமானது. அவருடைய கட்சி சொன்ன 'சின்ன அரசாங்கம்' என்ற கொள்கையை அந்த ஆள் உண்மையெண்டு நம்பியிருக்கிறார் போல.

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரி. 2022 பெப்ரவரியில் டெக்சாஸ் ஆளுநர், இந்தச் சிகிச்சையைச் சிறுவர் துஷ்பிரயோகமாக விசாரிக்கும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டுபோன தாய் தகப்பன் வீட்டுக்கு விசாரணை அதிகாரி வந்தார். 2022 ஏப்ரலில் அலபாமா, சிகிச்சை கொடுத்தால் பத்து வருடம் வரை சிறை என்றது. யூட்டாவின் ஆளுநர் ஸ்பென்சர் கொக்ஸ் 2022 மார்ச்சில் விளையாட்டுத் தடையை வீட்டோ செய்து, தன் மாநிலத்தில் விளையாடும் நாலு திருநர் பிள்ளைகளுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்டு உருக்கமாகக் கடிதம் எழுதினார். பத்து மாதம் கழித்து, 2023 ஜனவரியில், அதே ஆள் மருத்துவத் தடையில் கையெழுத்துப் போட்டார். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதை அறிய இந்த இரண்டு கையெழுத்தும் போதும். 2023 என்ற ஒரே ஆண்டில் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தடை போட்டன. பல மசோதாக்களின் வாசகங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

எத்தனை பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு சட்டம்? 2018 முதல் 2022 வரையான தனியார் காப்புறுதித் தரவுகளை வைத்து 2025 ஜனவரியில் வெளியான ஆய்வின்படி, பருவத்தைப் பிற்போடும் மருந்தோ ஹோர்மோனோ பெற்ற திருநர் பதின்மவயதினர், அந்த வயதினரில் 0.1 வீதத்துக்கும் குறைவு.

*

டென்னசிச் சட்டத்தை மட்டும் கொஞ்சம் ஆறுதலாக வாசிப்போம், ஏனென்றால் உச்ச நீதிமன்றம் வரை போனது அதுதான். 2022 செப்டெம்பரில் மட் வோல்ஷ் என்ற பழமைவாத ஊடகக்காரர், நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைக் குறிவைத்து இணையத்தில் எழுதினார். அடுத்த மாதம் பேரணி நடந்தது. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரின் மேலவை மசோதாக்களில் இதற்கு இலக்கம் 1. 2023 மார்ச் 2 அன்று ஆளுநர் பில் லீ கையெழுத்துப் போட்டார். அதே நாளில் 'டிராக்' கலை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். மருத்துவ ஆதாரம் பற்றிய கவலையால்தான் இது வந்தது என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

சட்டம் மருந்தைத் தடுக்கவில்லை. நோக்கத்தைத் தடுக்கிறது. பிறப்பில் குறித்த பாலுக்குப் பொருந்தாத அடையாளத்தோடு பிள்ளை வாழ்வதற்காகக் கொடுத்தால் குற்றம், வைத்தியருக்கு 25,000 டொலர் தண்டம். பருவம் முந்தி வந்த பிள்ளைக்கு அதே மருந்தைக் கொடுத்தால் ஒன்றுமில்லை. முகத்தில் மயிர் வளருதே என்று வருந்துகிற பெண்பிள்ளைக்கு, பிறப்பில் பெண் என்று பதிந்திருந்தால், ஹோர்மோன் மருந்து கொடுக்கலாம். திருநங்கைப் பிள்ளை அதே மயிருக்காக வருந்தினால் கொடுக்கக்கூடாது. ஒரே வைத்தியர், ஒரே ஊசி. சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றாக, பிள்ளைகள் தங்கள் பாலை மதிக்க ஊக்குவிப்பது, அதைச் சிறுமையாக நினைக்க வைக்கும் சிகிச்சையைத் தடுப்பது என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த வரியைத் திருப்பித் திருப்பி வாசித்தோம். ஒரு மாநிலம் தன் பிள்ளைகளுக்கு 'ஆம்பிளை ஆம்பிளையா இரு, பொம்பிளை பொம்பிளையா இரு' என்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதைச் சொல்ல எங்களுக்குச் சட்டம் தேவைப்படுவதில்லை, பக்கத்து வீட்டு அன்ரி போதும்.

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேணும். பின்லாந்து 2020 இலும் சுவீடன் 2022 இலும் தங்கள் வழிகாட்டிகளை இறுக்கின. பிரித்தானியாவில் வைத்தியர் ஹிலரி கஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட மீளாய்வு, பருவத்தைப் பிற்போடும் மருந்தின் பலனுக்கான ஆதாரம் பலவீனமானது என்று சொன்னது. எலும்பின் அடர்த்தி, பிள்ளை பெறும் ஆற்றல் பற்றிய கேள்விகள் உண்மையானவை. சிகிச்சை எடுத்து, பிறகு வருந்தி, திரும்பிப் போன இளையவர்கள் அமெரிக்கச் சட்டமன்றங்களில் சாட்சி சொன்னார்கள். அவர்களின் வலியைப் பொய் என்று தள்ளுவது அசிங்கம். எங்கட பக்கத்திலும் மிகைப்படுத்தல் இருந்தது. "சிகிச்சை கொடுக்காட்டிப் பிள்ளை செத்துப்போகும்" என்று பெற்றோரைப் பயமுறுத்தியவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் குடும்பங்களுக்காக வாதாடிய சேஸ் ஸ்ட்ராஞ்சியோவே, நல்ல வேளையாகத் தற்கொலை மரணங்கள் அரிது, ஆய்வுகள் காட்டுவது தற்கொலை எண்ணங்கள் குறைவதைத்தான் என்று நீதிபதிக்குப் பதில் சொன்னார்.

ஆனால் பின்லாந்தும் சுவீடனும் வைத்தியரைச் சிறைக்கு அனுப்பவில்லை. சுகாதார அமைப்புகள் கூடி, சிகிச்சையைக் குறைத்து, ஆய்வுக்குள்ளும் விசேட மருத்துவமனைகளுக்குள்ளும் கொண்டுவந்தன. சில பிள்ளைகளுக்கு வழி திறந்தே இருந்தது. கஸ் மீளாய்வும் ஹோர்மோனை 16 வயதுக்கு மேல் முற்றாக மறுக்கச் சொல்லவில்லை, மிகுந்த எச்சரிக்கையோடு என்றது. பிரித்தானிய அரசாங்கம் அதன் பிறகு பருவத்தைப் பிற்போடும் மருந்தைத் தனியாரிடமும் வாங்க முடியாமல் தடை செய்தது. அது அமெரிக்க வழிக்குக் கிட்டப் போன முடிவு, எங்களுக்கு உடன்பாடில்லை. ஆதாரம் பலவீனமெண்டால் ஆய்வு செய்ய வேணும். டென்னசியில் இனி யாரை வைத்து ஆய்வு செய்வது?

வழக்குக்கு வருவோம். மூன்று குடும்பங்களும் மெம்பிஸைச் சேர்ந்த ஒரு வைத்தியரும் வழக்குப் போட்டார்கள். மாவட்ட நீதிபதி 2023 யூனில் சட்டத்தின் பெரும்பகுதியை நிறுத்தினார், மேன்முறையீட்டு நீதிமன்றம் பத்து நாளில் திரும்ப உயிர் கொடுத்தது. பைடனின் அரசாங்கமும் வழக்கில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 4 அன்று வாதம் நடந்தது. ஸ்ட்ராஞ்சியோ அந்த நீதிமன்றத்தில் வாதாடிய, வெளிப்படையாகத் தன்னைத் திருநராக அறிவித்த முதல் சட்டத்தரணி. அன்றைக்கு நீதிபதி கெட்டான்ஜி ஜாக்சன் ஒரு பழைய வழக்கை ஞாபகப்படுத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் கலியாணம் செய்வதைத் தடுத்த வேர்ஜீனியாச் சட்டத்தை 1967 இல் அதே நீதிமன்றம் இரத்துச் செய்தது. அந்தச் சட்டமும் இரண்டு இனத்தையும் ஒரேமாதிரித்தான் தடுக்குது என்றுதான் அப்போது வேர்ஜீனியா வாதாடியது.

2025 யூன் 18 தீர்ப்பு, ஆறுக்கு மூன்று. தலைமை நீதிபதி ஜோன் ரொபேர்ட்ஸ் எழுதியதன் சாரம் இது: இந்தச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. வயதை வைத்தும், மருந்து எந்த நோய்க்கு என்பதை வைத்தும் பிரிக்கிறது. ஆணோ பெண்ணோ, எந்தப் பிள்ளைக்கும் இந்த நோய்க்கு இந்த மருந்து இல்லை. ஆகவே நீதிமன்றம் சட்டத்தைக் கடுமையாகச் சோதிக்கத் தேவையில்லை, சட்டமன்றத்துக்கு ஏதாவது நியாயமான காரணம் இருந்தால் போதும். இதற்கு அவர் துணைக்கு எடுத்த வழக்குகளில் ஒன்று 1974 இல் வந்தது. கர்ப்பிணிகளுக்கு மாற்றுத்திறன் காப்புறுதி மறுப்பது பெண்களைப் பாகுபடுத்துவது அல்ல, ஏனென்றால் அது 'கர்ப்பிணிகள்', 'கர்ப்பிணி அல்லாதோர்' என்றுதான் பிரிக்குது என்று சொன்ன தீர்ப்பு. இதை வாசிச்சபோது எங்கட வட்டத்தில் இருந்த தோழிகள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. சோனியா சோட்டோமேயர் எழுதிய மறுப்புத் தீர்ப்பு, பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியாமல் டென்னசியில் ஒரு வைத்தியரால் சட்டத்தைப் பின்பற்றவே முடியாதே, பிறகு எப்படி இது பாலை வைத்துப் பிரிக்கவில்லை என்று சொல்வது என்று கேட்கிறது. எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

பெற்றோரின் உரிமை என்ற வாதத்தை நீதிமன்றம் எடுக்கவே இல்லை. புளோரிடா 2022 இல் 'கல்வியில் பெற்றோர் உரிமை' என்று பெயர் வைத்து, பள்ளியில் பால்நிலை பற்றிப் படிப்பிப்பதைக் கட்டுப்படுத்தியது. 2023 இல் அதே மாநிலம், பெற்றோர் விரும்பினாலும் பிள்ளைக்குச் சிகிச்சை இல்லை என்றது. பெற்றோர் உரிமை யாருடைய பெற்றோருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

*

இப்ப இடைப்பால் குழந்தைகளிடம் திரும்புவோம். ஆர்கன்சாச் சட்டத்தையும் டென்னசிச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பால் வளர்ச்சியில் பிறவி வேறுபாடு உள்ள பிள்ளைகளுக்குத் தடை பொருந்தாது. பதினாறு வயதில், தான் யாரென்று வாய் திறந்து சொல்லக்கூடிய ஒருவருக்கு மருந்து இல்லை. பேச்சே வராத ஒரு குழந்தையைக் கேட்காமல் வெட்டித் தைப்பதை இந்தச் சட்டங்கள் தொடவில்லை. திருப்ப முடியாத சிகிச்சையில் இருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்று சொன்ன அதே சட்டங்கள் இவை. டேவிட் ரைமருக்கு நடந்ததைத் தடுக்க இவற்றில் ஒரு வரியும் இல்லை.

எதிர்த்திசையில் போன சட்டமும் உலகத்தில் இருக்கிறது, அது எங்களுக்குப் பக்கத்தில்தான். மோல்ட்டா 2015 இல் இடைப்பால் குழந்தைகள் மீதான, அவசரமில்லாத, சம்மதமில்லாத சத்திரசிகிச்சையைத் தடை செய்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு வழக்கை விசாரித்தார். தூத்துக்குடியில் கோயிலில் கலியாணம் செய்த ஒரு ஆணும் திருநங்கையும், பதிவாளர் தங்கள் திருமணத்தைப் பதிய மறுத்தார் என்று வந்தார்கள். திருமணம் செல்லும் என்று தீர்ப்பளித்த நீதிபதி அதோடு நிற்காமல், இடைப்பால் குழந்தைகளைச் 'சரிப்படுத்தும்' சத்திரசிகிச்சைகளைத் தடை செய்ய அரசுக்கு உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதத்தைப் பிள்ளையின் சம்மதமாக எடுக்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அந்த ஆண்டு ஓகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது, உயிராபத்து இருந்தால் மட்டும் விலக்கு. காத்திரு, பிள்ளை வளரட்டும், பிறகு பிள்ளையைக் கேள் என்பதுதான் அதன் உள்ளடக்கம். பருவத்தைப் பிற்போடும் மருந்தைக் கொண்டுவந்த டச்சு வைத்தியர்களும் பிள்ளை யோசிக்க அவகாசம் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னார்கள்.

இலங்கையில் எங்களுக்கு இருப்பது 2016 இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கை. உளநல வைத்தியரின் மதிப்பீட்டோடு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். சட்டம் இல்லை, சுற்றறிக்கை. இன்னொரு பக்கம் 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தைக் காட்டித் திருநர்களைத் தெருவில் பிடிக்கிற பொலிஸ். ஒரு பதின்மவயதுப் பிள்ளை வைத்தியரிடம் போய்ச் சேருவதுதான் இங்கே பெரிய விஷயம், சேர்ந்த பிறகு என்ன மருந்து என்ற கேள்விக்கே நாங்கள் இன்னும் வரவில்லை. அமெரிக்கச் சண்டையின் சொற்கள் மட்டும் யூடியூப் வழியாக எங்களிடம் முந்தி வந்துவிட்டன. அன்றைக்கு எங்கட வட்டத்தில் கதைத்ததில் பாதி அந்தச் சொற்கள்தான்.

ஸ்க்ரமெட்டியோடு கதவு முழுக்க மூடவில்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் போட்ட உத்தரவு, 19 வயதுக்குட்பட்டோருக்கு இந்தச் சிகிச்சை கொடுக்கும் வைத்தியசாலைகளின் கூட்டாட்சி நிதியில் கைவைத்தது. தடையே இல்லாத கலிபோர்னியாவில் கூட லொஸ் ஏஞ்சல்ஸ் சிறுவர் வைத்தியசாலை அந்த ஆண்டு யூலையில் தன் மையத்தை மூடியது. மறுபக்கம் மினசோட்டாவும் கலிபோர்னியாவும் வேறு மாநிலங்களில் இருந்து வரும் குடும்பங்களைப் பாதுகாக்கச் சட்டம் போட்டிருக்கின்றன. டென்னசிக் குடும்பங்கள் மாநில எல்லை தாண்டிப் பயணம் போய் மருந்து எடுக்கின்றன. காசு இருப்பவர்கள் வீட்டை வித்துப்போட்டுக் குடிபெயர்கிறார்கள்.

மொண்டானாவைச் சொல்லி நிறுத்துகிறோம். அந்த மாநிலத்தின் முதல் திருநர் பெண் சட்டமன்ற உறுப்பினர் சூயி செஃபிர், 2023 ஏப்ரலில் இந்தத் தடை மசோதா மீது கடுமையாகப் பேசினார் என்று பெரும்பான்மையினர் அவரை அவைக்குள் வரவிடாமல் வாக்களித்தார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்துக்கு வெளியே நடைபாதையில் இருந்த வாங்கில் மடிக்கணினியோடு குந்தியிருந்து, கூட்டத்தொடர் முடியும்வரை அங்கிருந்தே வாக்களித்தார். மசோதா சட்டமானது. ஆனால் மொண்டானாவின் 1972 அரசியலமைப்பில், கூட்டாட்சி அரசியலமைப்பில் வெளிப்படையாக இல்லாத ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: அந்தரங்கத்துக்கான உரிமை. 2024 டிசம்பரில் மொண்டானா உச்ச நீதிமன்றம் அதைக் காட்டித்தான் தடை நடைமுறைக்கு வராமல் நிறுத்தி வைத்தது. மாநில அரசியலமைப்பை வைத்துச் சொன்ன அந்தத் தீர்ப்பை வாஷிங்டனில் சொன்ன ஸ்க்ரமெட்டித் தீர்ப்பு தொடவில்லை.